கையூன்றும்போது தோளில் நடப்பது என்ன?

தரையில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவர் எழுவதைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் ஒரு கையைத் தரையில் ஊன்றுகிறார். உடலை அந்தப் பக்கமாகச் சற்றுச் சாய்க்கிறார். அதன் பிறகே முழங்கால் நிமிர்கிறது. இடையில் உள்ள சில விநாடிகளில் அவருடைய உடல் எடையின் ஒரு பகுதி கை வழியாகத் தரைக்கு இறங்குகிறது. நடக்கக் கால், பிடிக்கக் கை என்று நாம் பிரித்துச் சொன்னாலும், கையும் வேண்டும்போது எடை தாங்கும் உறுப்பே. தவழும் குழந்தைக்கு அது காலாகவே பயன்படுகிறது.

தோளில் அடிபட்டவருக்கோ இந்தச் சிறு செயல்கூடப் பெரும்பாடு. மூட்டு நழுவியவர், தசைநாண் கிழிந்து தைக்கப்பட்டவர், பல வாரம் கையைத் தொட்டிலில் தொங்கவிட்டிருந்தவர் ஆகியோருக்கு, இயன்முறை மருத்துவர்கள் கையூன்றும் பயிற்சிகளைப் படிப்படியாகத் தருகிறார்கள். இதில் ஓர் இக்கட்டு உண்டு. சுமை முன்கூட்டியே மிகுந்தால் தைத்த நாண் மீண்டும் கிழியக்கூடும். அச்சத்தால் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தசை மெலிந்து, மூட்டு இறுகிப்போகும். ஆகவே 'எவ்வளவு சுமை?' என்ற கேள்விக்கு விடை தேவை. அந்த விடையின் பெரும்பகுதி, பள்ளியில் நாம் படித்த நெம்புகோல் பாடத்திலேயே இருக்கிறது.

ஆழமில்லாத கிண்ணம்

இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை ஓர் ஆழமான கிண்ணத்துக்குள் பொருந்தியிருக்கிறது. தோள் மூட்டு அப்படியன்று. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பில் உள்ள ஆழமற்ற ஒரு குழியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. எந்த ஒரு நிலையிலும் தலையின் மூன்றில் ஒரு பங்குக்கும் நான்கில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட பரப்பே குழியோடு பொருந்துகிறது. சிறு தட்டின்மேல் வைத்த எலுமிச்சம்பழத்தை எண்ணிக்கொள்ளுங்கள். தட்டைச் சாய்த்தால் பழம் உருண்டுவிடும்.

இந்த அமைப்பினால் நமக்குப் பெரிய ஆதாயம் உண்டு. கையை மேலே, பின்னே, பக்கவாட்டில் என எத்திசையிலும் சுழற்ற முடிகிறது. அதற்கு நாம் கொடுக்கும் விலை, மூட்டின் உறுதி. எலும்பு தராத உறுதியைத் தசைகள் தரவேண்டும். குழியைச் சுற்றி நான்கு சிறு தசைகள் உள்ளன. அவற்றின் நாண்கள் மேற்கை எலும்பின் தலையை ஓர் உறைபோலச் சூழ்ந்து, அதைக் குழியை நோக்கி அழுத்துகின்றன. இவற்றைச் சுழல் தசைத்தொகுதி எனலாம்.

தோளின் வெளிப்புறத்தில் திரண்டு தெரிவது டெல்டாயிடு என்னும் பெரிய தசை. கையை உயர்த்தும்போது அது எலும்பை மேல்நோக்கி இழுக்கிறது. அது மட்டும் இழுத்தால் எலும்பின் தலை குழியைவிட்டு மேலே வழுக்கிப் போகும். அதே நேரத்தில் சுழல் தசைகள் கீழ்நோக்கியும் உள்நோக்கியும் இழுக்கின்றன. எதிரெதிர்த் திசைகளில் செயற்படும் இரு விசைகள் ஒரு பொருளைச் சுழற்றுவதை இயற்பியலில் 'இரட்டை' என்கிறோம். தோளில் இத்தகைய இரட்டை செயற்படுவதை இன்மேன், சாண்டர்ஸ், அபட் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1944-இல் விளக்கினர்.

பத்து மடங்கு விசை

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் ஒரு கை ஏறத்தாழ 3 கிலோ இருக்கும். கையைப் பக்கவாட்டில் கிடைமட்டமாக நீட்டினால், அதன் ஈர்ப்பு மையம் தோள் மூட்டிலிருந்து சுமார் 30 செ.மீ. தொலைவில் அமைகிறது. கையைத் தூக்கும் தசையோ மூட்டின் மையத்திலிருந்து சுமார் 3 செ.மீ. தொலைவில்தான் இழுக்கிறது.

திருப்புத்திறன்கள் சமமாக வேண்டும். எனவே 3 × 30 = தசை விசை × 3. தசை விசை 30 கிலோ எடைக்குச் சமம்! வெறுங்கையை நீட்டிப் பிடிக்கவே இவ்வளவு. உள்ளங்கையில் 1 கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்தால், அது மூட்டிலிருந்து 60 செ.மீ. தொலைவில் இருப்பதால் தசைக்கு மேலும் 20 கிலோ எடையளவு வேலை கூடுகிறது. தோள் நோயாளியிடம் 'கையை நீட்டித் தூக்காதீர்கள், முழங்கையை மடக்கிக்கொள்ளுங்கள்' என்று மருத்துவர் சொல்வதன் காரணம் இப்போது விளங்குமன்றோ?

திறந்த தொடரும் மூடிய தொடரும்

கையை வெளியில் வீசும்போது அதன் நுனி தடையின்றி அசைகிறது. கையைத் தரையிலோ சுவரிலோ ஊன்றினால் நுனி நிலைத்துவிடுகிறது, உடல்தான் அசையவேண்டும். முதலாவதைத் திறந்த தொடர் என்றும், இரண்டாவதை மூடிய தொடர் என்றும் கூறுவர். இயந்திரப் பகுதிகளைத் தொடர்களாகக் கொண்டு ஆராய்ந்தவர் ஜெர்மானியப் பொறியியலார் ஃபிரான்ஸ் ரூலோ. அவருடைய நூல் 1875-இல் வந்தது. அந்தக் கருத்தை மனித உடலுக்குப் பொருத்திக் காட்டியவர் எலும்பு மருத்துவர் ஆர்தர் ஸ்டைண்ட்லர். அவருடைய நூல் வெளிவந்த ஆண்டு 1955.

கையூன்றும்போது தரை தரும் எதிர்விசை, கை எலும்புகள் வழியாக ஏறி மேற்கை எலும்பின் தலையைக் குழிக்குள் அழுத்துகிறது. தட்டிலுள்ள எலுமிச்சம்பழத்தை விரலால் அழுத்திப் பிடித்ததுபோல மூட்டு உறுதி பெறுகிறது. நீண்ட நெம்புகோலின் நுனியில் சுமை தொங்கும் தொல்லையும் குறைகிறது. சுற்றியுள்ள தசைகள் முன்னும் பின்னுமாக ஒருசேர இறுகி மூட்டைக் காக்கப் பழகுகின்றன. மூட்டு நழுவியவர்களுக்கு இப்பயிற்சிகள் பயன்படுவது இதனால்தான்.

தசையின் மின்மொழி

எந்தத் தசை எவ்வளவு உழைக்கிறது என்பதை எப்படி அறிவது? 1791-இல் இத்தாலியரான கால்வானி, தவளைக்காலின் தசை மின்சாரத்தால் துடிப்பதைப் பற்றி எழுதினார். தசைக்குள்ளேயே மின்சாரம் உண்டு என்பது இன்று நமக்குத் தெரியும். ஓய்விலுள்ள தசை இழையின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 90 மில்லிவோல்ட் தாழ்ந்த மின்னழுத்தத்தில் இருக்கிறது. நரம்பின் ஆணை வந்ததும் இந்நிலை நொடிப்பொழுதில் மாறி, அம்மாற்றம் ஓர் அலைபோல இழை நெடுகப் பரவுகிறது. தோலின்மேல் மின்வாய்களை ஒட்டினால், பல இழைகளின் அலைகள் கலந்த சிறு மின்னழுத்தத்தைப் பதிவு செய்யலாம். ஆழத்தில் உள்ள தசைக்கு மெல்லிய கம்பியை ஊசிமூலம் செலுத்துவர். இம்முறைக்கு எலெக்ட்ரோமயோகிராஃபி என்று பெயர்.

தோலின் தடிப்பும் மின்வாயின் இடமும் ஆளுக்கு ஆள் மாறுவதால், ஒருவரின் மில்லிவோல்ட்டை இன்னொருவருடையதோடு நேராக ஒப்பிட இயலாது. ஆகவே ஒருவர் முழு வலிமையையும் கூட்டித் தசையை இறுக்கும்போது கிடைக்கும் அளவை 100 என்று கொண்டு, பயிற்சியின்போது கிடைப்பதை அதில் நூற்றுக்கு எத்தனை என்று சொல்கிறார்கள்.

எடைப் படிகள்

டிமத்தி யூல் என்னும் அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், தோள் நோய் இல்லாதவர்களைப் பல நிலைகளில் கையூன்றச் செய்து, ஒரு கை தாங்கும் எடையையும் ஐந்து தசைகளின் மின்செயலையும் அளந்து 2003-இல் வெளியிட்டனர். ஒரு கைக்கு வந்த சுமை, உடல் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ இவ்வாறு இருந்தது:

குதிகால்மேல் அமர்ந்து, கைகளை முன்னே தரையில் ஊன்றினால் 6.
குழந்தை தவழும் நிலையில் 19.
அந்நிலையில் ஒரு கையை உயர்த்தினால், மற்றக் கைக்கு 32.
ஒரு கையோடு எதிர்ப்புறக் காலையும் உயர்த்தினால் 34.
தண்டால் நிலையில் 34.
கால்களை மேடைமேல் வைத்துத் தண்டால் நின்றால் 39.
ஒற்றைக் கைத் தண்டாலில் 60.

சுமை ஏற ஏறத் தசைகளின் செயலும் ஏறியது. முதல் இரு படிகளில் அது மிகக் குறைவு. மேற்படிகளில் தோளின் பின்புறத்தில் உள்ள இன்ஃபிராஸ்பினேட்டஸ் என்னும் சுழல் தசை குறிப்பிடத்தக்க அளவு உழைத்தது. கையூன்றித் தள்ளும்போது மார்புத் தசை மேற்கை எலும்பை உட்புறமாகத் திருப்பப் பார்க்கும். பின்புறத் தசை வெளிப்புறமாக இழுத்து அதை ஈடுகட்டவேண்டும் அல்லவா?

மூன்றாம் படியையும் ஐந்தாம் படியையும் மீண்டும் பாருங்கள். தவழும் நிலையில் ஒரு கையை உயர்த்துவது எளிய பயிற்சியாகத் தோன்றும். தண்டால் பயில்வான்களுக்கு உரியதாகத் தோன்றும். ஆனால் ஒரு கைக்கு வரும் சுமை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே! 60 கிலோ எடையுள்ளவருக்கு அது சுமார் 20 கிலோ. புண் ஆறாத தோளை உடையவர் 'முழங்கால் தரையில்தானே இருக்கிறது' என்று தாமாகவே இப்படிக்கு ஏறிவிடக் கூடாது.

தண்டாலுக்கு 34 என்ற எண்ணை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 165 செ.மீ. உயரமுள்ளவரின் ஈர்ப்பு மையம் பாதத்திலிருந்து சுமார் 91 செ.மீ. தொலைவிலும், தோள் சுமார் 135 செ.மீ. தொலைவிலும் இருக்கும். பாதத்தைச் சுழல்புள்ளியாகவும் உடலை ஒரு பலகையாகவும் கொண்டால், இரு கைகளும் தாங்குவது 91/135, அதாவது நூற்றுக்கு 67. ஒரு கைக்கு 34 வருகிறது. அளவீடும் கணக்கும் ஒத்துப்போகின்றன.

சுவரைக் கொண்டு சுமையைக் கூட்டலாம்

தரையில் குனிய இயலாதவருக்குச் சுவர் இருக்கிறது. சுவரைப் பார்த்து நின்று, தோள் உயரத்தில் இரு கைகளையும் ஊன்றி, உடலை நேராக வைத்துச் சாயவேண்டும். சுவரின் உராய்வைக் கருதாமல் விட்டால், இரு கைகளும் தரும் விசை = உடல் எடை × 0.67 × சாய்வுக் கோணத்தின் டேன்ஜெண்ட். உடல் செங்குத்திலிருந்து 10 பாகை சாய்ந்தால் ஒரு கைக்கு நூற்றுக்கு 6. 20 பாகைக்கு 12. 30 பாகைக்கு 19. அதாவது 30 பாகைச் சாய்வு, தவழும் நிலைக்கு நிகர். பாதத்தைச் சிறிது சிறிதாகப் பின்னே நகர்த்திச் சுமையை விரும்பிய அளவு கூட்டிக்கொள்ளலாம்.

ஒன்றை மறவாதீர்கள். சுவர் நம்மைப் பின்னே தள்ளும் அதே அளவு விசையைத் தரையின் உராய்வு தந்தாக வேண்டும். 30 பாகையில் அது உடல் எடையில் நூற்றுக்கு 39. ஈரத் தரையிலும் வழுக்கும் காலுறையோடும் இது கிடைக்காமல் போகலாம். கால் சறுக்கி, அடிபட்ட தோள்மீதே விழ நேரும். உலர்ந்த தரையில் வெறுங்காலோடு நிற்பதே நன்று.

சுவரைத் தள்ளுவது நோயறியவும் உதவுகிறது. விலா எலும்புகளில் ரம்பப் பற்கள்போலத் தொடங்கி, தோள்பட்டை எலும்பை முதுகோடு அணைத்து வைக்கும் தசை ஒன்று உண்டு. அதற்குரிய நரம்பு பழுதானவர் சுவரைத் தள்ளும்போது, தோள்பட்டை எலும்பு பறவையின் சிறகுபோல முதுகிலிருந்து பிதுங்கி நிற்கும்.

எண்கள் சொல்லாதவை

மின்செயலின் அளவு வேறு, தசை தரும் விசை வேறு. வலியையும் தைத்த நாணின் வலிமையையும் மின்வாய் காட்டாது. மேலே கண்ட அளவுகள் நலமுள்ளவர்களிடம் எடுக்கப்பட்டவை. ஆகவே எந்தப் படியில் எப்போது ஏறுவது என்பதை, மூட்டைச் சோதித்த மருத்துவரே முடிவு செய்யவேண்டும்.

நலமுள்ள வாசகர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். எடை பார்க்கும் கருவியை ஒரு கையின் கீழும், அதே உயரத்துக்குப் புத்தகங்களை மறு கையின் கீழும் வைத்துத் தவழும் நிலையில் நில்லுங்கள். கருவி காட்டும் எண்ணை உங்கள் எடையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். பிறகு இடுப்பைச் சற்று முன்னே நகர்த்தி மீண்டும் பாருங்கள்; எண் ஏறும். வீட்டில் தோள் நோயாளி இருந்தால், மருத்துவரிடம் 'எந்தப் பயிற்சி?' என்பதோடு, 'கையில் எவ்வளவு சுமை விழலாம்?' என்றும் கேளுங்கள். அவர் ஓர் அளவைச் சொன்னால், அதை வீட்டிலேயே இதே கருவியால் சரிபார்த்துக்கொள்ளலாம்.