உங்களுக்குத் தெரியுமா? பனியனுக்குச் சொந்த ஊர் எது?

டெக்சாஸில் விளைந்த பஞ்சு தாராபுரம் பக்கத்து நூற்பாலையில் நூலாகி, திருப்பூரில் டி-சர்ட்டாகி அமெரிக்காவுக்கே திரும்பினால், லேபிளில் ‘மேட் இன் இந்தியா’ என்றுதான் இருக்கும். வெட்டித் தைத்த ஆடைக்கு, அது முழுமையாகத் தைக்கப்பட்ட நாடே பிறப்பிடம். 1996 ஜூலை முதல் அமெரிக்கச் சுங்க விதி இப்படித்தான். பஞ்சு விளைந்த மண்ணுக்கு அதில் இடமில்லை.

ஆனால் துணிக்கு லேபிளில் இடமுண்டு: அமெரிக்காவிலேயே தைத்தாலும், துணி இறக்குமதி என்றால் அதை லேபிளில் சொல்லியாக வேண்டும்.

2025 ஏப்ரலில் இறக்குமதிகள் மீது அமெரிக்கா அறிவித்த பரஸ்பர வரியில் மட்டும் பஞ்சுக்கு ஒரு வழி திறந்தது: பொருளின் மதிப்பில் 20 சதவீதமாவது அமெரிக்கச் சரக்காக இருந்தால், அந்தப் பங்குக்கு அவ்வரி விதிக்கப்படவில்லை. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் அமெரிக்கப் பஞ்சைப் பற்றிப் பேசியதற்கு இதுவும் ஒரு காரணம்.