ஃபைனலைஸை நம்பலாமா?

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் படிக்கும் வாசகர் ஒருவர், சூளையின் வெப்பத்தை நொடிக்கொரு முறை பதிவு செய்ய ஜாவாவில் புரோகிராம் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு பதிவுக்கும் ஃபைலைத் திறக்கிறார். மூடுகிற வேலையை, யாருக்கும் எட்டாமல் போன பொருளை (ஆப்ஜெக்ட்) அகற்றுமுன் ஜாவா தானே ஓட்டும் ஃபைனலைஸ் மெத்தடிடம் விட்டுவிட்டார். ஒரு சூளை வெந்து முடிவதற்குள், திறந்த ஃபைல்கள் அதிகமாகிவிட்டன என்று சொல்லி புரோகிராம் நின்றுவிடுகிறதாம். மெமரியில் பாதிகூட நிரம்பவில்லையே, ஏன் என்று கேட்கிறார்.

மெமரி நிரம்பாததுதான் காரணம். எங்கள் ஊர் பொம்மைக் கூடங்களில் சுடாத உடைசலை ஊறவைத்து மறுபடி களிமண்ணாக்குவார்கள். கைவசம் மண் இருக்கும்வரை அந்த மூலைக்கு யாரும் போவதில்லை. அப்படிப்பட்ட பொருள்களின் இடத்தை மீட்கும் கார்பேஜ் கலெக்டரும் இடம் குறையும்போதுதான் கிளம்பும்; அது கிளம்பினால்தான் ஃபைனலைஸ் ஓடும். 1959 வாக்கில் லிஸ்ப் மொழிக்காக ஜான் மெக்கார்த்தி இந்தக் குப்பை அள்ளும் முறையை யோசித்ததே மெமரிக்காகத்தான். எத்தனை ஃபைல் திறந்து கிடக்கிறது என்பது அதன் கணக்கில் வராது.

ஃபைனலைஸில் என்னை வியக்க வைப்பது வேறொன்று. அது ஓடும் நேரத்தில் பொருள் முழுசாக மெமரியில் இருக்கிறது. அந்த மெத்தடுக்குள்ளிருந்தே தன்னை ஒரு ஸ்டாட்டிக் மாறியில் போட்டுக்கொண்டால், யாருக்கும் எட்டாமல் போன பொருள் உயிர்த்தெழுந்துவிடும்! அதனால் கலெக்டர் இன்னொரு சுற்று வந்து, யாரும் பிடித்திருக்கவில்லை என்று உறுதி செய்த பிறகே இடத்தை எடுக்கும். எழுந்த பொருள் மறுபடி கைவிடப்பட்டால் ஃபைனலைஸ் இரண்டாம் முறை ஓடாது. பைத்தானிலும் 3.4 பதிப்பிலிருந்து இதே வழக்கம்தான். முத்தையா அண்ணாமலையின் ‘எழில்’ மொழி பைத்தானின் மேல் அமர்ந்திருப்பதால், தமிழில் நிரல் எழுதினாலும் குப்பை அள்ளுவது பைத்தான்தான்.

ஜாவா 9 வந்த 2017இலேயே ஃபைனலைஸ் வேண்டாம் என்று அறிவித்தாயிற்று. 2022இல் ஜாவா 18, அதை நீக்கப்போகும் பட்டியலிலும் சேர்த்துவிட்டது. ஆனாலும் தேர்வுக் குறிப்புகளிலும் இன்டர்வியூ கேள்விகளிலும் அது உயிரோடு இருக்கிறது. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள், சிஸ்டம்.ஜிசி என்று எழுதினால் கலெக்டர் உடனே ஓடிவரும் என்றும் நம்புகிறார்கள். அது வெறும் வேண்டுகோள். திறந்தவர் மூட வேண்டும் என்கிற பழக்கத்தை முதல் வகுப்பிலேயே ஊட்டாமல், மொழி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிக்கொடுப்பது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம்.

வாசகருக்கு வழி இருக்கிறது. 2011இல் ஜாவா 7 கொண்டுவந்தபடி, ட்ரை என்ற சொல்லை ஒட்டிய அடைப்புக்குள் ஃபைலைத் திறக்கட்டும். அந்தப் பகுதி முடிந்ததும், நடுவில் பிழை வந்தாலும்கூட, ஃபைல் மூடிவிடும். இன்னும் நல்லது, ஒரு சூளைக்கு ஒரே ஃபைல்.