மீன் தொட்டி மோட்டாரும் அப்பாவின் தூக்கமும்

என் அப்பாவுக்கு மார்க்கெட்டில் ராத்திரி மூட்டை வேலை. தூக்கம் பகலில்தான். நான் ஆசையாக வைத்த மீன் தொட்டியின் காற்று மோட்டார் 'ங்ர்ர்' என்று இரைய, "அதுவா நானா, ஒண்ணு சொல்லுடா" என்றார். நிறுத்தினால் மீன் திணறும்.

மோட்டார் என்கிறோமே தவிர உள்ளே சுழல்வது ஒன்றுமில்லை. ஒரு மின்காந்தச் சுருள், காந்தம் பொருத்திய சிறு தண்டு, அது அழுத்தும் ரப்பர் டயஃப்ரம். (எங்கள் குடும்பத்தில் இந்த வார்த்தையைச் சொன்ன முதல் ஆள் நான்தான்!) நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், தண்டும் வினாடிக்கு 50 தடவை ஆடுகிறது. பெட்டி சிறிசு. அடியிலுள்ள பலகையும் சேர்ந்து அதிர்வதால்தான் மத்தளம் மாதிரி சத்தம் பெருகுகிறது. கையில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், சட்டென்று குறையும்.

ஆகவே தடித்த ஸ்பாஞ்சின் மேல் வைத்தேன், சுவரில் படாமல். அப்புறமும் முனகல். பார்த்தால் காற்றுக்கல்லில் பாசி அடைப்பு. காற்றுக்கு வழியில்லாமல் டயஃப்ரம் முக்கியிருக்கிறது. கல்லை மாற்றினேன்.

ஒன்று முக்கியம். ஸ்பாஞ்ச் வைக்கிற சாக்கில் மோட்டாரைத் தரையில் இறக்கிவிடாதீர்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும். கரண்ட் போனால் டியூப் வழியே தண்ணீர் திரும்பி மோட்டாருக்குள் இறங்கும், ஷாக் அடிக்கும்.

நேற்று அப்பா சாயங்காலம் நாலு மணிக்குத்தான் எழுந்தார்.