உரம் போட்டும் மக்காச்சோளம் வாடுதா? மண்ணுக்குள்ள ஒளிந்திருக்கும் அலுமினியம்.. காப்பாற்றும் சிட்ரிக் அமிலம்!

ரெட்டியார்பாளையம் மளிகைக் கடையில் வாங்கும் முட்டைக்கும் மேகாலயா மலைச்சரிவுக்கும் என்ன சம்பந்தம்? மக்காச்சோளம்தான். நாமக்கல் பண்ணைக் கோழிகளின் தீவனத்தில் பெரும்பங்கு இதுதான். இப்போ எத்தனால் ஆலைகளும் போட்டிக்கு வந்துவிட்டதால் கிராக்கி கூடியிருக்கிறது. சாகுபடியை விரிவாக்க வடகிழக்கிலும் ஜார்க்கண்டிலும் நிலம் இருக்கு. ஆனால் அங்கே பெரும்பாலும் அமில மண்.

அலுமினியம் எங்கிருந்து வருது?

வெளியிலிருந்து யாரும் கொட்டவில்லை. களிமண்ணிலேயே இருக்கிறது. சாதாரண மண்ணில் கரையாமல் சும்மா கிடக்கும். கனமழை காலங்காலமாக கால்சியத்தை அடித்துச் சென்ற இடங்களில் மண்ணின் பி.எச். 5-க்குக் கீழே இறங்கினால், அலுமினியம் கரைந்து வேருக்கு வந்துவிடும். ஊட்டியில் ஹைட்ரேஞ்சியா பூ நீலமாக இருக்குதே, அதுக்கும் இதுதான் காரணம்!

தேயிலை இதைத் தாங்கும். மக்காச்சோளம் தாங்காது. சில மணி நேரத்திலேயே வேர் நுனி வளர்ச்சியை நிறுத்திவிடும். வேர் குட்டையானால், கொஞ்சம் ஆழத்தில் ஈரம் இருந்தும் எட்டாது. போட்ட பாஸ்பரஸையும் அலுமினியம் பிடித்து வைத்துக்கொள்ளும். சில நாள் மழை பொய்த்தாலே பயிர் வாடும்.

சுண்ணாம்பு போட்டால் சரியாகாதா?

ஆகும், மேல்மண்ணில் மட்டும். அடிமண்ணுக்கு அது எளிதில் இறங்காது. மலைக்கிராமத்துக்கு மூட்டை மூட்டையாக ஏற்றிச் செல்வதும் லேசான வேலை இல்லை. அதனால்தான் விதையிலேயே தீர்வு தேடுகிறார்கள்.

சில மக்காச்சோள ரகங்களின் வேர் நுனி, எலுமிச்சையில் உள்ள அதே சிட்ரிக் அமிலத்தைச் சுரக்கிறது. அது அலுமினியத்தைப் பிடித்துக் கட்டிவிடுவதால் விஷம் வேருக்குள் நுழையாது. இதற்குக் காரணமான மரபணுவின் பெயர் 'மேட்1'. பெரும்பாலான ரகங்களில் இது ஒரு பிரதிதான் இருக்கும். நன்றாகத் தாங்கும் அபூர்வமான சில ரகங்களில் 3 பிரதிகள் இருப்பதை அமெரிக்க, பிரேசில் ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்டனர்.

அந்த ரகத்தை அப்படியே விதைக்க முடியாதா என்றால், முடியாது. தாங்கும் குணம் இருந்தாலும் விளைச்சலும் வேண்டுமே! நல்ல ரகத்தோடு ஒட்டுச் சேர்த்து, நாற்றுகளை அலுமினியக் கரைசலில் வளர்த்து, வேர் நீளத்தை அளந்து, பல தலைமுறை வடிகட்ட வேண்டும். கொலம்பியாவில் 1994-லேயே 'சிக்குவானி' என்ற அமில மண் ரகம் வெளியானது.

பெரம்பலூர், அரியலூர் கரிசல் மண் விவசாயிகளுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே மண் காரத்தன்மை கொண்டது, அலுமினியம் கரையாது.