கிரிக்கெட் ஊரில் ஒரு ஃபுட்பால் பைத்தியம்!

உங்க ஹாஸ்டல்ல ஒரு சின்ன டெஸ்ட் வெச்சுப் பாருங்க பாஸ். ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒரே ஒரு லேப்டாப்பைச் சுத்தி பத்துப் பேர் உட்கார்ந்து சாம்பியன்ஸ் லீக் பார்க்கிற கும்பல் ஒண்ணு கண்டிப்பா இருக்கும். காலையில முதல் பீரியடுக்கு வர மாட்டாங்க. ஆனா, மாட்ரிட்ல எந்த டிஃபெண்டருக்கு எந்த முட்டியில அடின்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாங்க. அவங்ககிட்ட போய், ''மச்சி, நம்ம சென்னையின் எஃப்.சி. எத்தனை தடவை ஐ.எஸ்.எல். கப் ஜெயிச்சிருக்கு?''ன்னு மட்டும் கேளுங்க.

''சென்னைக்கு டீம் இருக்கா?'' - ஒருத்தனாவது இப்படிக் கேட்பான். என் ரூம்மேட் கேட்டான். மூணு நாள் அவன்கூடப் பேசலை!

ரெண்டு தடவை பாஸ். 2015-ல் ஒண்ணு, 2017-18-ல் ஒண்ணு. அந்த ரெண்டையும் பத்தியும், அதுக்கப்புறம் நாங்க படுற பாட்டைப் பத்தியும்தான் இந்தக் கட்டுரை. நான் நடுநிலையா எழுதுவேன்னு மட்டும் எதிர்பார்க்காதீங்க, ப்ளீஸ்!

என்னை இந்தப் பைத்தியத்துல தள்ளிவிட்டது என் தாய்மாமா. ஐ.சி.எஃப்-ல வேலை. பெரியமேடு நேரு ஸ்டேடியத்துல காத்து வாங்குற கேலரியில உட்கார்ந்து லோக்கல் லீக் மேட்ச் பார்த்து வளர்ந்த ஆள். 2014-ல் ஐ.எஸ்.எல். ஆரம்பிச்சப்ப, அபிஷேக் பச்சன், டோனி, வீடா டானின்னு ஓனர்கள் பேரைக் கேட்டுத்தான் ஊரே திரும்பிப் பார்த்துச்சு. மாமா மட்டும் ''எலானோ வர்றான்டா!''ன்னு குதிச்சார். எனக்கு அப்போ எட்டு வயசு. எலானோ யாருன்னே தெரியாது. 2010 உலகக் கோப்பையில பிரேசிலுக்காக ரெண்டு கோல் அடிச்சவர், நம்ம பெரியமேட்டுல வந்து ஃப்ரீ கிக் அடிக்கப்போறார்னு மாமா சொல்லித்தான் தெரியும். கோச் யாரு? 2006 ஃபைனல்ல ஜிடேன்கிட்ட நெஞ்சுல முட்டு வாங்கின அதே மார்க்கோ மேட்டரஸி!

எலானோ அந்த சீஸன்ல எட்டு கோல் அடிச்சு கோல்டன் பூட் வாங்கினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. நடப்பார், நிற்பார், திடீர்னு பந்து வலைக்குள்ள இருக்கும். ஆனா, அந்த சீஸன்னு சொன்னாலே எனக்கு ஞாபகம் வர்றது கேரளாவோட நடந்த செமி ஃபைனல்தான். கொச்சியில 3-0-ன்னு தோத்துட்டு வந்தோம். கதை முடிஞ்சதுன்னு எல்லாரும் சொல்லியாச்சு. சென்னையில நடந்த ரெண்டாவது மேட்ச்ல அதே மூணு கோலைத் திருப்பி அடிச்சாங்க. மூணாவது, தொண்ணூறாவது நிமிஷத்துல நம்ம ஜேஜே! எக்ஸ்ட்ரா டைம். பெனால்டி ஷூட் அவுட்டுக்கு மூணே நிமிஷம் பாக்கி இருக்கும்போது, ஸ்டீபன் பியர்ஸன்னு ஒரு மனுஷன் கேரளாவுக்கு ஒரு கோல் போட்டார் பாருங்க... ஸ்டேடியமே அப்படியே சைலன்ட். மாமா சென்ட்ரல் வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. ஒரு டீமோட ரசிகனா ஆகிறது ஜெயிக்கிற அன்னிக்கு இல்லீங்க, இந்த மாதிரி ராத்திரியிலதான்.

அடுத்த வருஷம் 2015. டிசம்பர் மாசம்னு சொன்னாலே சென்னைக்காரங்க உங்களுக்குத் தெரியும். எங்க வீட்டுல இடுப்பளவு தண்ணி. அம்மா, அப்பா, நான், ஒரு சூட்கேஸ்... மாமா வீட்டுல அடைக்கலம். ஊரே மூழ்கிக் கிடந்ததால, கொல்கத்தாவோட நம்ம ஹோம் செமி ஃபைனலை பூனாவுக்கு மாத்திட்டாங்க. ஹோம் மேட்ச்... ஆனா, ஹோம் இல்லை. எங்க நிலைமையும் அதேதான்! அந்த மேட்ச்ல 3-0-ன்னு அடிச்சாங்க. இத்தனைக்கும் அந்த சீஸன்ல பாதிக்கு மேல தாண்டியும் டேபிள்ல கடைசி இடத்துல கிடந்த டீம். லீக்ல கடைசி நாலு மேட்ச்சையும் வரிசையா ஜெயிச்சுத்தான் செமிக்கே வந்திருந்தாங்க.

டிசம்பர் 20, கோவாவுல ஃபைனல். 87-வது நிமிஷம், கோவா 2-1 லீடிங். மாமா டி.வி-யை ஆஃப் பண்ணப் போனார். அத்தை ''இருங்க, அவங்க ஊருக்காவது ஏதாச்சும் நல்லது நடக்கட்டும்''னு ரிமோட்டைப் பிடுங்கி வெச்சுக்கிட்டாங்க. (கோவா டீமையா சொன்னாங்க, எங்க ஏரியாவையா சொன்னாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் புரியலை!) தொண்ணூறாவது நிமிஷம் கோவா கோல்கீப்பர் கட்டிமணி கையாலேயே பந்து வலைக்குள்ள போச்சு. 2-2. ரெண்டே நிமிஷத்துல கொலம்பியாக்காரர் மெண்டோஸா... 3-2! அந்த சீஸன்ல அது அவரோட 13-வது கோல். எங்க வீட்டுல ஃப்ரிட்ஜ், பீரோ, என் மூணாங்கிளாஸ் சர்ட்டிஃபிகேட்னு எல்லாம் போயிருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி நாங்க ஆறு பேரும் ஹால்ல குதிச்ச குதியில கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துட்டார். மெண்டோஸா அப்புறம் ஃப்ரான்ஸ்ல அமியான் டீமுக்கு ஆடப் போனார். எங்க போனா என்ன, எங்க வீட்டு ஷோகேஸ்ல பேப்பர்ல வெட்டின அவர் போட்டோ இன்னும் இருக்கு.

ரெண்டாவது கப் வேற டைப். மேட்டரஸி போய் ஜான் கிரகரி வந்தார். ஸ்டார்கள் கிடையாது. கல்யாண வீட்டு சமையல்காரர் மாதிரி, இருக்கிறதை வெச்சு எல்லாருக்கும் பந்தி போட்ட மனுஷன். லீக்ல பெங்களூரு 40 பாயின்ட், நாம 32. ஃபைனலும் அவங்க ஊர் கண்டீரவா ஸ்டேடியத்துலயே. ஒன்பதாவது நிமிஷமே சுனில் சேத்ரி கோல். அப்புறம்தான் பாஸ் மேட்டர்! பிரேசில் டிஃபெண்டர் மெயில்ஸன் ஆல்வெஸ், கார்னர்ல வந்த ரெண்டு பந்துகளைத் தலையால முட்டி 2-1 ஆக்கினார். ரஃபேல் அகஸ்டோ தூரத்துலேர்ந்து ஒண்ணு. முடியும்போது 3-2. நாங்க ஃபைனல்ல ஜெயிச்சா அது 3-2-தான்னு ஏதோ வேண்டுதல் போல.

ஆனா, என் ஃபேவரைட் அந்த ஃபைனல் இல்லை. அதுக்கு நாலு நாள் முன்னாடி, 2018 மார்ச் 13, நேரு ஸ்டேடியத்துல கோவாவோட செமி ஃபைனல். ஜேஜே ஒண்ணு அடிச்ச மூணாவது நிமிஷம், தனபால் கணேஷ் ஒரு ஹெட்டர் போட்டார். சென்னைப் பையன், சென்னை டீமுக்காக, சென்னை கிரவுண்டுல! எங்க வரிசையில உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா எந்திரிச்சு, ''நம்ம ஏரியா பையன்ப்பா!''ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டார். அடுத்த சீஸன் முழுக்க முழங்கால் காயம் அவரை உட்கார வெச்சிருச்சு. கிளப்போட வரலாற்றுலயே எனக்கு ஆறாத ஒண்ணு இதுதான். மெண்டோஸா கோல் வேற, தனபால் கோல் வேற. எப்படின்னு விளக்கத் தெரியலை, உங்க தெருப் பையன் ஸ்டேட் ரேங்க் வாங்கினா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

ஜேஜே லால்பெக்லுவா பத்தித் தனியா நாலு பக்கம் எழுதணும். மிஸோராம்லேர்ந்து வந்து, தமிழ் தெரியாம, கோல் போஸ்ட்டோட பாஷை மட்டும் தெரிஞ்ச மனுஷன். 2014-லேர்ந்து ரெண்டு கப்பிலும் கூடவே இருந்தார். அப்புறம் காயம், ஆபரேஷன், ஓய்வு. 2023-ல் மிஸோராம் சட்டமன்றத் தேர்தல்ல நின்னு எம்.எல்.ஏ-வே ஆகிட்டார்! ஜெயிச்ச வித்தியாசம் 135 ஓட்டு. அங்கேயும் கடைசி நிமிஷ கோல்தான்!

அவருக்கப்புறம் நம்ம டீம்ல அந்த லெவல் இந்திய ஸ்ட்ரைக்கர் வரவே இல்லை. என்னோட முதல் குற்றச்சாட்டு இது. 2019-20-ல் வால்ஸ்கிஸ் 15 கோல் அடிச்சு கோல்டன் பூட் வாங்கினார், கிரிவெல்லாரோ இடது கால்ல கோலம் போட்டார். நடுவுல வந்த ஓவன் கோய்ல், அடிமட்டத்துல கிடந்த டீமைத் தூக்கி ஃபைனல் வரைக்கும் கொண்டுபோனார். 2020 மார்ச் 14, கொரோனாவால பூட்டின ஸ்டேடியத்துல, ஒரு ரசிகன்கூட இல்லாம ஏ.டி.கே-கிட்ட 3-1-ன்னு தோத்தோம். தோல்வியைவிட அந்தக் காலி நாற்காலிகள்தான் கொடுமை. அடுத்த சீஸன்ல கோய்ல் ஜாம்ஷெட்பூர் போனார். வால்ஸ்கிஸும் பின்னாடியே போனார். 2021-22-ல் அதே கோய்ல் ஜாம்ஷெட்பூருக்கு லீக் ஷீல்டு வாங்கிக் கொடுத்தார். நாம?

எட்டாவது இடம். அதுக்கு முந்தின வருஷமும் எட்டாவது இடம். 2021-22-க்கு அடுத்த வருஷமும் எட்டாவது இடம்! வருஷத்துக்கு ஒரு கோச். லாஸ்லோ, பண்டோவிச், பிர்டாரிச், மறுபடி கோய்ல். செமஸ்டருக்கு ஒரு ஹெச்.ஓ.டி. மாறினா டிபார்ட்மென்ட் என்ன ஆகும்னு என்னை மாதிரி இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்கிட்ட கேளுங்க. லேப்ல மெஷின் இருக்கும், அதை ஆன் பண்ணத் தெரிஞ்சவர் இருக்க மாட்டார்.

போனவங்களையும் எண்ணிப் பாருங்க. 2016-ல் சின்னப் பையனா வந்து, நம்ம கண்ணு முன்னாடி வளர்ந்து கேப்டனே ஆன அனிருத் தாப்பா, 2023-ல் மோகன் பகான் போயிட்டார். சாங்தே மும்பைக்குப் போய், 2022-23-ல் இந்தியாவின் சிறந்த வீரர் விருது வாங்கினார். நல்ல மாணவனை நாம ப்ளஸ் டூ வரைக்கும் படிக்க வெச்சு, ரேங்க் போட்டோவை வேற ஸ்கூல் நோட்டீஸ்ல பார்க்கிற மாதிரி! காசு இருக்கிற கிளப் கூப்பிட்டா பசங்க போகத்தான் செய்வாங்க, அதுல தப்பு சொல்லலை. போறதுக்கு முன்னாடி அடுத்த ஆளைத் தயார் பண்ணி வெச்சோமா?

ஆளா இல்லை நம்ம ஊர்ல? கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறையில கடற்கரை மணல்ல ஆடி வளர்ந்த மைக்கேல் சூசைராஜ், 2020-ல் நம்மளைத் தோற்கடிச்சாங்களே அதே ஏ.டி.கே. டீம்ல இருந்தார். 2023 ஆகஸ்ட்டுல டியூரண்ட் கோப்பை கொல்கத்தா டெர்பியில, மோகன் பகானுக்கு எதிரா ஈஸ்ட் பெங்காலுக்கு ஒரே கோல் அடிச்சு ஜெயிக்க வெச்சது யாரு? நந்தகுமார், சென்னைப் பையன்! வியாசர்பாடியை 'குட்டி பிரேசில்'னு சொல்றது சும்மா இல்லை. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அந்தப் பக்கம் போய்ப் பாருங்க, வெறும் கால்ல பந்தை ஒட்டவெச்சுக்கிட்டு ஓடுற வாண்டுகளை.

''கப் எல்லாம் அப்புறம்டா... டீம் இருக்கணும் முதல்ல''ன்னு மாமா சொல்லுவார். அவர் பயத்துக்குக் காரணம் சென்னை சிட்டி எஃப்.சி. கோவையில ஆடி, பெட்ரோ மான்ஸி 21 கோல் அடிச்சு, 2018-19-ல் ஐ லீக் சாம்பியனே ஆன டீம். எட்வின் சிட்னி வன்ஸ்பால் அங்கேர்ந்துதான் நம்ம டீமுக்கு வந்தார். 2020-21-க்கு அப்புறம் ஐ லீக்லேர்ந்து அப்படியே காணாமப் போயிட்டாங்க. சாம்பியன் ஆன ரெண்டே வருஷத்துல! ஒரு கிளப் சாகிறதுக்கு அவ்வளவு நேரம்தான் தேவைப்படுது.

அதனாலதான் 2025 ஆகஸ்ட் எங்களுக்கு அப்படி வலிச்சது. 2024-25-ல் 13 டீம்கள்ல 11-வதா முடிச்சிருந்தோம், அது வேற கதை. லீக்கை நடத்துற ஒப்பந்தம் முடியப்போகுது, புதுசு கையெழுத்தாகலை, அடுத்த சீஸனே இருக்கான்னு தெரியலை. சென்னையின் எஃப்.சி. கிளப் வேலைகளை நிறுத்திவெச்சது. ஆட்டக்காரங்க சம்பளமும் நின்னுச்சு. அந்த வாரம் மாமாவுக்கு ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணேன். ''சென்னை சிட்டி மாதிரி ஆயிடுமா மாமா?''ன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, ''சாப்பிட்டியாடா?''ன்னார். 2014 ராத்திரிக்கு அப்புறம் அவர் அவ்வளவு நேரம் பேசாம இருந்தது அன்னிக்குத்தான்.

கடைசியில 2026 பிப்ரவரி 14-ம் தேதி சீஸன் ஆரம்பிச்சது. 14 டீம்கள், ஒருத்தரோட ஒருத்தர் ஒரே ஒரு மேட்ச். பாதி சீஸன்தான். அரைச் சாப்பாடு! ஆனா, பட்டினிக்கு அது பெட்டர் இல்லையா? 2025-ல் கிளிஃபோர்ட் மிராண்டான்னு ஒரு இந்தியரை கோச்சா போட்டது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் வந்து காப்பாத்துவார்னு வருஷா வருஷம் ஏர்போர்ட்டையே பார்த்துக்கிட்டு நிற்கிறதைவிட, இங்கே இருக்கிற பசங்களைத் தெரிஞ்ச ஆள் தேவை. சையத் சபீர் பாஷா நம்ம கிளப்லயே துணை கோச்சா எத்தனை வருஷம் இருந்தார். அவர் மாதிரி ஆட்கள் கையில ஒரு அஞ்சு வருஷம் வியாசர்பாடியையும் தூத்தூர் கடற்கரையையும் கொடுத்துப் பார்க்கணும். என் கணக்கு சிம்பிள். ஆடும் 11 பேர்ல மூணு பேர் தமிழ்நாட்டுப் பசங்க. அது நடக்கிற வருஷம் எட்டாவது இடம் வந்தாலும் நான் பொறுத்துப்பேன். ரூம்மேட்டுக்கு சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்.

ஆமா, அவன்கூடப் பேச ஆரம்பிச்சாச்சு. காரணம், ஒரு ஹோம் மேட்ச்சுக்கு அவனைக் கட்டி இழுத்துட்டுப் போனதுதான். பக்கத்துல டிரம் அடிக்கிற கும்பலைப் பார்த்து முதல்ல கூச்சப்பட்டான். இருபதாவது நிமிஷம் ரெஃப்ரியைத் திட்ட ஆரம்பிச்சான். நல்ல தமிழ்ல!

நீங்களும் வாங்களேன். சென்ட்ரல்ல இறங்கி பெரியமேடு பக்கமா நடந்தா பத்துப் பதினஞ்சு நிமிஷம்தான். சாயம் போன நீல ஜெர்சி, முதுகுல 'ஜேஜே'ன்னு பாதி உரிஞ்ச எழுத்து, பக்கத்துல வெள்ளைத் தலையோட விசில் அடிக்கிற ஒரு மாமா... கண்டுபிடிக்கிறது ஒண்ணும் கஷ்டம் இல்லை. மாமாவுக்குச் சுண்டல் வாங்கிட்டு வந்துடுங்க, இடம் போட்டு வெச்சிருப்பார்!