'கால் எரியுது, மரத்துப் போகுது': வலி மாத்திரைக்கு அடங்காத நரம்பு வலியைக் குடும்ப டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

"பாதத்துல மிளகாய்ப்பொடி தடவின மாதிரி எரியுது." "எறும்பு ஊர்ற மாதிரியே இருக்கு." "ராத்திரி போர்வை பட்டாக்கூட வலிக்குது."

ஊரில் இருக்கும் அப்பாவோ அம்மாவோ போனில் இப்படிச் சொல்லி நீங்கள் கேட்டிருக்கலாம். "ஒரு வலி மாத்திரை போட்டுட்டுப் படுங்க, காலைல சரியாயிடும்" என்று நாமும் சொல்லிவிடுகிறோம். காலையில் சரியாவதில்லை. மாதக்கணக்கில் நீள்கிறது. வயசாயிடுச்சு, உடம்புச் சூடு என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.

இது நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலான நேரங்களில் இதைக் கண்டுபிடிக்க பெரிய மருத்துவமனையோ விலை உயர்ந்த ஸ்கேனோ தேவையில்லை. பக்கத்துத் தெரு டாக்டரே போதும். ஆனால் அவரிடம் எதைச் சொல்ல வேண்டும், மருந்திடம் எதை எதிர்பார்க்க வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நரம்பு வலி, சாதாரண வலி: என்ன வித்தியாசம்?

கையில் வெட்டுப்பட்டால், "இங்கே அடி" என்ற செய்தியை நரம்பு மூளைக்குக் கொண்டுபோகிறது. காயம் ஆறினால் செய்தியும் நிற்கும். நரம்பு வலியில் செய்தி கொண்டுபோகும் நரம்பே பழுதாகியிருக்கிறது. வாசலில் யாருமே இல்லை, ஆனால் வயர் ஷார்ட் ஆனதால் காலிங் பெல் அடித்துக்கொண்டே இருக்கிறது. அந்த மாதிரிதான். மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ அதை நாள்பட்ட வலி என்கிறார்கள்.

காயமோ வீக்கமோ இல்லாத இடத்தில் வலிப்பதால், வலிக்கிறவர் சொல்வதை மற்றவர்கள் நம்புவதில்லை. பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் போன்ற வழக்கமான வலி நிவாரணிகளும் இதில் பெரிதாக எடுபடாது. அவற்றையே தினமும் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும்தான் பாதிக்கப்படும்.

யாருக்கு வருகிறது?

இந்தியாவில் முதல் சந்தேகம் சுகர்தான். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின் மதிப்பீட்டின்படி நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருக்கிறது. நீண்ட காலம் சுகர் உள்ளவர்களில் பாதிப் பேர் வரை நரம்பு பாதிப்பு வரலாம். எல்லோருக்கும் வலிக்காது, சிலருக்கு மரத்துப்போவது மட்டும் இருக்கும்.

வைட்டமின் பி12 குறைபாடு அடுத்தது. அசைவமும் பால் பொருட்களும் குறைவாகச் சாப்பிடுபவர்களுக்கும், சுகருக்கு மெட்ஃபார்மின் பல வருடங்களாக எடுப்பவர்களுக்கும் இது வரலாம். இதை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் நரம்பு மீளும். தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம்.

அக்கி ஆறிய பிறகும் அதே இடத்தில் நீடிக்கும் எரிச்சல், முதுகுத்தண்டில் நரம்பு அழுந்தி காலுக்கு இறங்கும் சயாட்டிகா, மணிக்கட்டில் நரம்பு அழுந்தும் கார்பல் டனல், அதிகக் குடி, தைராய்டு குறைபாடு, சில புற்றுநோய் மருந்துகள், காசநோய்க்கான ஐசோனியாசிட் ஆகியவையும் காரணமாகலாம். தொழுநோயையும் மறக்கக் கூடாது. உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். தோலில் வெளிறிய, உணர்ச்சி இல்லாத திட்டு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். சிகிச்சை இலவசம்.

டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

முதலில் வார்த்தைகளைக் கவனிக்கிறார். "வலிக்குது" என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. எரியுதா, ஷாக் அடிக்குதா, ஊசி குத்துதா, மரத்துப் போகுதா, ஐஸ் வச்ச மாதிரி வலிக்குதா என்று பிரித்துக் கேட்பார். டிஎன்4 என்ற கேள்விப் பட்டியல் இதற்காகவே உருவானது. மொத்தம் 10 அம்சங்கள்: ஏழு கேள்விகளாகக் கேட்பவை, மூன்று தொட்டுப் பார்ப்பவை. நான்கு அல்லது அதற்கு மேல் 'ஆமாம்' என்றால் நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

அடுத்து, எங்கே வலிக்கிறது என்பது. இரண்டு பாதங்களிலும் விரல் நுனியில் தொடங்கி சாக்ஸ் போட்டது போல மேலே ஏறினால் சுகரோ பி12-ஓ காரணமாகலாம். பிட்டத்திலிருந்து ஒரே காலில் இறங்கினால் முதுகுத்தண்டு. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும் மரத்துப்போய், ராத்திரி எழுந்து கையை உதறினால் சரியாகிறது என்றால் கார்பல் டனல். உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டை போல எரிந்தால் அக்கி.

பிறகு பரிசோதனை. பஞ்சால் வருடுவார், ஊசி முனையால் லேசாகத் தொடுவார், ட்யூனிங் ஃபோர்க்கைக் கால் கட்டைவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார். கணுக்காலுக்குப் பின்னால் சிறு சுத்தியலால் தட்டுவார்.

ரத்தப் பரிசோதனையில் பொதுவாக சுகர், ஹெச்பிஏ1சி, பி12, தைராய்டு, கிரியேட்டினின், ரத்த அணுக்கள் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். நரம்பு மின்கடத்தல் சோதனை எல்லோருக்கும் தேவையில்லை. அது பெரிய நரம்பிழைகளை மட்டுமே அளக்கிறது. எரிச்சலைக் கடத்தும் மெல்லிய இழைகள் பழுதாகியிருந்தால் ரிப்போர்ட் நார்மலாகவே வரலாம். 'ரிப்போர்ட் நார்மல், அதனால வலியே இல்ல' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

'டிப்ரஷன் மாத்திரை எனக்கு எதுக்கு?'

சிகிச்சை பாதியில் நிற்பது பெரும்பாலும் இங்கேதான். டாக்டர் அமிட்ரிப்டிலின் எழுதுகிறார். வீட்டுக்கு வந்து கூகுளில் தேடினால் 'மனச்சோர்வு மருந்து' என்று வருகிறது. "எனக்கு மனசுல ஒண்ணும் இல்லையே" என்று மாத்திரையை அலமாரியில் வைத்துவிடுகிறோம்.

மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியை அடக்கும் பாதை ஒன்று உண்டு. அதை இந்த மருந்து வலுப்படுத்துகிறது. வலிக்கு ராத்திரி 10 மில்லிகிராம் போன்ற சிறிய அளவில்தான் தொடங்குவார்கள். மனச்சோர்வுக்குத் தரும் அளவு இதைவிட மிக அதிகம். டுலாக்சிடினும் இதே பாதையில் வேலை செய்கிறது. கபாபென்டின், பிரிகாபலின் இரண்டும் வலிப்பு நோய்க்காக வந்தவை. பழுதான நரம்பின் படபடப்பைக் குறைக்கின்றன. முகத்தில் மின்னல் வெட்டுவது போல வரும் ட்ரைஜெமினல் வலிக்கு மட்டும் கார்பமசெபின்தான் முதல் தேர்வு.

எது சிறந்தது? 2022-ல் லான்செட் இதழில் வெளியான பிரிட்டன் ஆய்வு, சுகரால் நரம்பு வலி வந்த 130 பேரிடம் அமிட்ரிப்டிலின், டுலாக்சிடின், பிரிகாபலின் மூன்றையும் ஒப்பிட்டது. எதில் தொடங்கினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று போதாதவர்களுக்கு இரண்டாவது மருந்தைச் சேர்த்தபோது வலி மேலும் குறைந்தது. ஆகவே வயது, மற்ற நோய்கள், பக்க விளைவு, விலை ஆகியவற்றைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவெடுக்கிறார். இதய நோய், கண் அழுத்தம், புராஸ்டேட் பிரச்னை இருந்தால் அமிட்ரிப்டிலினைத் தவிர்க்கப் பார்ப்பார். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் பிரிகாபலின் அளவைக் குறைப்பார்.

எவ்வளவு குறையும்?

வலி பூஜ்யம் ஆவது அபூர்வம். பாதியாகக் குறைந்தாலே நல்ல வெற்றி; மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் தூக்கமும் நடையும் மாறும். 2015-ல் லான்செட் நியூராலஜியில் வெளியான தொகுப்பாய்வின்படி, ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய, அமிட்ரிப்டிலின் வகை மருந்தைச் சுமார் நான்கு பேருக்கும், பிரிகாபலினைச் சுமார் எட்டுப் பேருக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது. முதல் மருந்து கேட்கவில்லை என்றால் டாக்டர் சரியில்லை என்று அர்த்தமில்லை.

பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். தூக்கக் கலக்கம், வாய் உலர்தல், தலைசுற்றல் ஆகியவை முதல் நாளிலேயே வரலாம். இந்த இடைவெளியில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தாங்க முடியவில்லை என்றால் டாக்டருக்குப் போன் பண்ணிக் கேளுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

'நரம்பு மாத்திரை குடுங்க' என்று கேட்கலாமா?

மெடிக்கல் ஷாப்பில் இப்படிக் கேட்டால் பெரும்பாலும் பி வைட்டமின் கலவை கிடைக்கும். பி12 குறைபாடு இருந்தால் அது மருந்து. இல்லாவிட்டால் வலிக்குப் பெரிய பலனில்லை. அதில் இருக்கும் பி6 அதிக அளவில் நீண்ட நாள் உடம்பில் சேர்ந்தால், அதுவே நரம்பைக் கெடுக்கும்.

இன்னொன்று, வெந்நீர் ஒத்தடம். மரத்துப்போன பாதத்துக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சுகர் உள்ளவர்களுக்கு அந்தப் புண் விரலை எடுக்கும் அளவுக்குப் போகலாம்.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

* சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, அல்லது தொடை இடுக்கு மரத்துப்போவது
* காலிலிருந்து மேலே ஏறும், சில நாட்களில் கூடிக்கொண்டே போகும் பலவீனம்
* திடீரென்று முகமோ ஒரு பக்கக் கை காலோ மரத்துப்போவது
* சுகர் உள்ளவர் காலில் புண், நிறமாற்றம்

அக்கிக் கொப்புளம் தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்து தொடங்குவது நல்லது.

டாக்டரைப் பார்க்கும் முன்

எப்போது தொடங்கியது, எங்கே, எந்த நேரத்தில் அதிகம், 0 முதல் 10 வரை எவ்வளவு என்று ஒரு வாரம் போனில் குறித்துவையுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துப்போங்கள். குடிப்பழக்கத்தை மறைக்காதீர்கள்.

அடுத்த முறை வீட்டிலிருந்து "கால் எரியுதுப்பா" என்று போன் வந்தால், மாத்திரை பெயர் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியா சுகர் எப்பம்மா பார்த்தீங்க?"