பட்டைச் சாணைக்கு உருளை தெரிதல்

வெள்ளவத்தைக் கடலோர ஒழுங்கைகளிலே முன்னாளிற் சாணைக்காரர் வருவதுண்டு. மரச்சட்டத்தைத் தெருவோரத்தில் நிறுத்தி, காலால் மிதித்துக் கல்லைச் சுழற்றி, அரிவாளுக்கும் கத்தரிக்கோலுக்கும் கூர் ஏற்றித் தருவர். கத்தியைப் புதிதாய்ச் செய்வோர்க்கு அக்கல் போதாது. உருக்குத் தகட்டிலிருந்து வாயை வடித்தெடுக்க அவர்கள் இன்று நாடுவது பட்டைச் சாணை என்னும் பொறியை. அரத்தாளைப் போல ஒருபுறம் மணிகள் ஒட்டிய துணிப்பட்டை, முனைகள் பொருத்தப்பெற்று வளையமாய், மூன்று நான்கு உருளைகளின்மேல் விரைந்தோடும். அதில் உருக்கை அழுத்தினால் தேயும். இவ்வளவே அதன் இலக்கணம். ஆயத்தமாய் வாங்கின் விலை மிகுதி. ஆதலால் இதனை வீட்டிலேயே அமைத்துக்கொள்ள முயலும் இளைஞர் உளர். அம்முயற்சியை எளிதாய் எண்ணற்க. கொழும்பிற் பிறந்த ஆனந்தக் குமாரசுவாமி, இடைக்காலச் சிங்களக் கலை பற்றி 1908இல் வெளியிட்ட நூலிலே, இந்நாட்டார் இரும்பும் உருக்கும் செய்த முறையைக் கலைகளுள் ஒன்றாகவே வைத்து எழுதினார்.

தமிழாசிரியருக்கு உருளையில் என்ன வேலை என்று எம்மிடம் பயின்ற பழைய மாணவர் நகைக்கக்கூடும். எம் தமக்கையின் மகன் உயர்தர வகுப்பிற் பயின்ற காலத்தில் எம் வீட்டுப் பின்புறத்தில் இப்பொறி ஒன்றைச் செய்தான். படம் வரைந்தவன் அவன். பணம் கொடுத்தவர் நாம். “மாமா, உருளைகளை மட்டும் அலுமினியத்திற் கடைவித்து எடுப்போம்” என்று இரண்டு முறை கேட்டான். சட்டத்துக்கே பெருந்தொகை போயிற்று, உருளைக்கு ஒட்டுப்பலகை போதும் என்று விடையிறுத்தோம். அவ்விடையின் பயனைப் பின்னர்க் கூறுவோம்.

முதலில் தெரியவேண்டியது உருளையன்று, பட்டை. அமெரிக்கர் வரைந்த படங்களில் அது 2 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் உடையது. அவ்வளவிற் பட்டை தடையின்றிக் கிடைக்குமா என்று கடைகளில் விசாரித்த பின்னரே சட்டத்துக்கு இரும்பு வெட்டுதல் வேண்டும். கிடையாதெனின், மரவேலைக்கென விற்கும் பட்டையின் அளவுக்குப் பொறியைச் சுருக்கலாம். பொறிக்கேற்ற பட்டையைத் தேடி அலைவதினும் அது மேல்.

அடுத்தது மோட்டர். பிறநாட்டுப் படத்தைப் பார்த்துச் செய்வோர் வழுக்கும் இடம் இது. அமெரிக்க மின்னோட்டம் விநாடிக்கு 60 சுற்று; நம் நாட்டினது 50. அங்கே நிமிடத்துக்கு 1,725 முறை சுழலும் வகை மோட்டர் இங்கே ஏறத்தாழ 1,440 முறையே சுழலும். ஆகவே அதே உருளையைப் பூட்டினாற் பட்டையின் வேகம் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு குறையும். கணக்கு எளிது. உருளையின் விட்டம் 100 மில்லிமீற்றராயின் சுற்றளவு 314. அதனை 1,440 ஆற் பெருக்க, பட்டை நிமிடத்துக்கு 452 மீற்றர் ஓடும். உருக்கை விரைந்து தேய்ப்போர் 900 மீற்றரளவு விரும்புவர். அதற்கு 200 மில்லிமீற்றர் உருளை வேண்டும், அன்றேல் இருமடங்கு விரைவுள்ள மோட்டர் வேண்டும். புதிதாய்ப் பழகுவோர்க்கு 450 மீற்றரே நலம் என்பது எம் கருத்து. வேலை மெதுவாய் நடக்கும். பிழையும் மெதுவாகவே நேரும்.

மோட்டர்த் தண்டிற் பூட்டும் உருளையின் துளை தண்டுக்கு இறுகப் பொருந்தல் வேண்டும். நம் சந்தையில் வரும் சிறு மோட்டர்களின் தண்டு பெரும்பாலும் 19 அல்லது 24 மில்லிமீற்றர். அமெரிக்க உருளைகளில் ஐந்தெட்டில் அங்குலத் துளை உண்டு. அது 16 மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. சிறுத்த துளையைப் பட்டறையிற் பெருப்பிக்கலாம். பெருத்த துளைக்குத் தகரம் சுற்றி இறுக்குதல் கூடாது, மையம் விலகிவிடும்.

இனி, பட்டையை நெறிப்படுத்தும் உருளை. இதுவே பொறியின் உயிர். நடுவிற் சற்றே பருத்து ஓரங்களில் ஒடுங்கியிருக்கும். பட்டை பள்ளத்தை நோக்கி நழுவும் என்றே எவரும் எண்ணுவர். உண்மையில் அது மேட்டை நோக்கியே ஏறும். சரிவிற் படிந்த பட்டை மேட்டுப்புறமாய் வளைகின்றது. வளைந்தபடியால் அடுத்து வந்து படியும் பகுதி முந்தியதிலும் சற்று மேலே படிகின்றது. இவ்வாறு ஏறி, நடுவை அடைந்ததும் இருபுற இழுவையும் சமமாகி அங்கேயே நிலைக்கும். ஆலைகள் தோற்பட்டையால் இயங்கிய காலத்திலே கையாண்ட உத்தி இது. வெள்ளவத்தை நெசவாலையை அறிந்த மூத்த பழைய மாணவர் எவரேனும் இதனை எம்மிலும் நன்கு விளக்குவர். 50 மில்லிமீற்றர் அகல உருளைக்கு, நடு விட்டம் ஓர விட்டத்தினும் ஓரிரு மில்லிமீற்றர் மிகுந்தாற் போதும். அதற்கு மேற்பட்டால் பட்டையின் ஓரங்கள் தூக்கி நிற்கும்.

எம் மருமகனின் பொறியில் இவ்வுருளையே ஒட்டுப்பலகையால் ஆனது. தை மாதத்தில் அழகாக ஓடிற்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் பலகை ஈரம் குடித்துப் பருத்தது. வெயில் கண்டு சுருங்கியது. பேரிங் அமர்ந்த குழி தளர்ந்தது. ஒருநாள் மாலை உருளை சாய்ந்து, பட்டை ஓரத்துக்கு ஓடிச் சட்டத்தில் உராய்ந்து, பொருத்து அறுந்து அவன் முன்கையில் அடித்தது. நான்கு தையல். இன்னும் ஒரு சாண் உயர்ந்திருப்பின் கண். தமக்கைக்கு நாம் கூறிய முதற்சொல், “பட்டை பழுது” என்பது. பட்டை விற்ற கடையையும் நொந்தோம். மறுநாள் உருளையைக் கழற்றியபோது, பேரிங்கைச் சுட்டுவிரலாலேயே குழியிலிருந்து தள்ள முடிந்தது. அதன்பின் தமக்கையிடம் மீண்டும் சென்று உண்மையைக் கூறினோம்.

அலுமினிய உருளைகளை இம்முறை கொட்டாஞ்சேனையிலுள்ள கடைசற் பட்டறை ஒன்றிற் செய்வித்தோம். பட்டறைப் பெரியவர் கூறிய விதி ஒன்றே: பேரிங் குழியையும் வெளிவட்டத்தையும், உருளையைப் பிடியிலிருந்து கழற்றாமல் ஒரே பூட்டிற் கடைதல் வேண்டும். கழற்றிப் பூட்டினால் இரு வட்டங்களின் மையமும் ஒன்றாதல் அரிது. ஆயத்த உருளை வாங்குவோர் இதனைக் கடையிலேயே சோதிக்கலாம். உருளையைத் தண்டில் ஏற்றி, விளிம்பருகே பென்சில் முனையை அசையாது பிடித்துக் கையாற் சுழற்றுக. சுற்று முழுதும் கோடு விழுந்தால் வட்டம் செம்மை. ஓரிடத்தில் மட்டும் விழுந்தால் வாங்கற்க. பின்பு தானாக நிற்க விடுக. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் அப்பக்கம் பாரம். ஓடும்போது நடுங்கும், நடுங்குவதனாற் கத்தியின் வாய் அலை அலையாய்த் தேயும்.

பேரிங் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குச் சென்றோம். வாகன உதிரிப்பாகத்துக்குப் பேர்போன அவ்விடத்தில் இல்லாத எண் இல்லை. அவ்வெண்ணுக்கும் இலக்கணம் உண்டென்பது எமக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. 6203 என்பதில் ஈற்று 03, உட்துளை 17 மில்லிமீற்றர் என்பதைக் குறிக்கும். 04 முதலாக ஐந்தாற் பெருக்கினால் அளவு வரும்: 04 எனில் 20, 05 எனில் 25. எண்ணின்பின் 2ஆர்எஸ் என்றிருப்பின் இருபுறமும் றப்பர் மூடி. இசட்இசட் என்றிருப்பின் தகட்டு மூடி. கடற்காற்றின் உப்பும் உருக்குத்தூளும் சூழும் இடத்துக்கு றப்பர் மூடியே ஏற்றது. ஓர் உருளைக்கு இரண்டாக வாங்குக. பழைய பேரிங் மலிவாயினும் வேண்டாம். விரலாற் சுழற்றுகையில் மணலரைக்கும் ஒலி கேட்டால் அதன் வாழ்நாள் முடிந்தது.

கத்தி தேயும் இடத்தில் உள்ள பெரிய உருளைக்கு றப்பர் போர்த்தியிருக்கும். விட்டம் பெரிதாகப் பெரிதாகக் கத்தியின் பக்கத்தில் விழும் குழிவு ஆழம் குறையும். றப்பரின் கடுமையை ஷோர் ஏ என்னும் அளவையாற் குறிப்பர். பொதுவேலைக்கு 70 அளவு பொருந்தும். பசையால் ஒட்டிய றப்பர் சூட்டிற் கழன்றுவிடும். உலோகத்தோடு வேகவைத்துப் பிணைத்ததையே வாங்குக. 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் றப்பர்க் கன்று நட்ட நாட்டார் நாம். நல்ல றப்பரை அடையாளம் காண அறியோமாயின் நாணத்தக்கது. இவ்வுருளை வாங்கப் பணம் போதாதெனின் இப்போதைக்கு விடுக. பட்டையின் பின்னே நிறுத்திய தட்டையான உருக்குத் தகடே நேர்வாய்க் கத்திக்குப் போதும்.

பொறியின் மேற்புறமும் பின்புறமும் தகட்டு மறைப்பு இடுதல் வேண்டும். கண்ணாடியும் தூசி மறைக்கும் முகமூடியும் இன்றி அருகே செல்லற்க. கையுறை வேண்டாம், சாரம் வேண்டாம். பட்டை இரண்டையும் இழுக்கும். மழைக்காலத்திற் பட்டைகளை மடிக்காமற் பருத்த முளையிலே தொங்கவிட்டு, ஈரம் படாத அலுமாரியில் வைத்தல் நன்று. மருமகன் இன்றும் பொறியை முடுக்குமுன் பட்டையைக் கையாலே ஒருமுறை முழுவதும் சுற்றிப் பொருத்தைப் பார்க்கின்றான். நாம் அருகில் இருந்தால் அவ்வேலையை எமக்கே விட்டுவிடுவான்.